ஊர்ப்புறத்துப் பள்ளி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலகியல் வாழ்விலிருந்து விலகி, ஒரே சமய நெறியைப் பின்பற்றுவோர் தனிக் குழுவாக ஓரிடத்தில் வாழ்வது பற்றிப் பேச விழைகிறேன். இத்தகைய வாழ்வைக் குறித்து இருவகைக் கருத்துகள் உண்டு. கடமைகளிலிருந்து தப்பி ஓடும் கோழைமை என்பர் ஒரு சாரார். கட்டுகளை அறுத்துக்கொண்ட விடுதலை என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டில் எது சரி என்பதை நூல்வழி வாதத்தால் மட்டும் முடிவு செய்துவிட இயலாது. நம் மண்ணில் நூற்றாண்டுகளாக இருந்த அத்தகைய குழுக்கள் பாறையில் விட்டுச் சென்ற எழுத்துகளும், நம் காப்பியங்கள் அவற்றைப் பற்றிச் சொல்லும் செய்திகளும் துணைநின்றால் ஒரு தெளிவு பிறக்கும். ஆகவே தமிழகத்துச் சமணப் பள்ளிகளையும், அவற்றுள் சிறப்பாகப் பெண்துறவியர் வாழ்ந்த பள்ளிகளையும் இவ்வுரையின் பொருளாகக் கொள்கிறேன்.

முதலில் 'பள்ளி' என்னும் சொல்லை நோக்குவோம். படுக்கை என்பது அதன் பழைய பொருள்களுள் ஒன்று. துறவியர் படுத்துறங்கிய இடம் பள்ளியாயிற்று. பின்னர் அவர்கள் கூடி வாழ்ந்த உறையுள் அப்பெயர் பெற்றது. இன்று நம் குழந்தைகள் புத்தகப் பையுடன் செல்லும் இடத்துக்கும் அதே பெயர். துறவியர் தம் உறைவிடங்களில் ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததன் அடையாளமே இச்சொல் என்று மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் விளக்கியுள்ளார். உலகை விட்டு நீங்கியவர் படுத்த இடம், உலகில் வாழப் போகிறவர் கற்கும் இடத்துக்குப் பெயராயிற்று. நான் சொல்லப் போவது முழுவதும் இவ்வொரு சொல்லின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இயற்கையான குகைத்தளங்கள் பல உள்ளன. அங்கே பாறையை வழவழப்பாகச் செதுக்கி, தலைப்பக்கம் சற்றே உயர்த்தி அமைத்த கற்படுக்கைகளைக் காணலாம். மழைநீர் உள்ளே வழியாதபடி மேற்பாறையின் நெற்றியில் வெட்டிய விளிம்பும் உண்டு. அவ்விளிம்பை அடுத்துத் தமிழி எழுத்தில் சிறு கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. மாங்குளம் மீனாட்சிபுரத்தில் உள்ளவற்றை 1882இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். அவற்றின் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவனின் முடிவு. நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயரையும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவையும் அங்கே காண்கிறோம். சம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளி குறிக்கப்படுகிறது. புகழூரில் செங்காயபன் என்னும் துறவிக்குச் சேரர் குடியினர் அமைத்துத் தந்த உறையுள் குறிக்கப்படுகிறது.

இக்கல்வெட்டுகளில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. படுத்தவரின் பெயரை விடப் படுக்கை அமைத்துத் தந்தவரின் பெயரே அவற்றுள் மிகுதி. அரசன், அதிகாரி, வணிகன் என உலகியலின் நடுவில் நின்றோரே பொருள் தந்தனர். கல் தச்சர் உளி பிடித்தனர். உலகைத் துறந்தவன் உறங்கிய கல்லும் உலகத்தார் வெட்டித் தந்த கல்லே. சமணத் துறவி சமைத்து உண்ணல் ஆகாது. பொருள் சேர்த்தல் ஆகாது. மழைக்காலம் நான்கு திங்கள் தவிர ஓரிடத்தில் நிலைத்துத் தங்குதலும் ஆகாது. இத்தகைய நோன்பு உடையவன் ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒரு வாயிலின் முன் நின்றே ஆக வேண்டும். இதனால்தான் இக்குன்றுகள் அடர்கானகத்தில் இல்லை. பெருவழிகளுக்கும் ஊர்களுக்கும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. ஊரின் ஓசை எட்டாத தொலைவும் வேண்டும். ஊரின் சோறு எட்டும் தொலைவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் பள்ளி நின்றது.

இனிக் காப்பியத்திற்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் புகாரின் புறத்தே ஒரு சோலைப் பள்ளியில் வாழ்கிறார். மதுரை சென்று அறவுரை கேட்க வேண்டும் என்னும் விருப்பம் அவர்க்கு முன்னரே உண்டு. கோவலனும் கண்ணகியும் வழியில் வந்து சேர, அவர்களுடன் நடக்கிறார். மதுரையின் மதிலுக்கு வெளியே அறவோர் தங்கும் புறஞ்சேரியை அடைகின்றனர். இங்கே இளங்கோவடிகள் ஓர் எல்லைக் கோட்டை மிகத் தெளிவாக வரைகிறார். அப்புறஞ்சேரி துறவியர்க்கு உரிய இடம். இல்லறத்தார் அங்கே தங்குதல் முறையன்று. பொழுது சாயுமுன் அவர்கள் நகருக்குள் சென்றாக வேண்டும். எனவே கவுந்தி, கண்ணகியை இடைக்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். விதி பிழையாமல் நடந்துகொண்டார். எல்லையையும் காத்தார்.

ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. கோவலன் கொலையுண்டான், மதுரை எரிந்தது என்ற செய்தி அறிந்தபின் கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாக அறிகிறோம். பற்று அறுத்தவர் என்று உலகம் போற்றிய ஒருவர், சில நாள் உடன் நடந்த ஓர் இளம்பெண்ணின் துயரைத் தாங்க மாட்டாமல் இறந்தார். சமண நோன்பின் ஒழுங்குக்கு உட்பட்ட இறப்பு என்று இதற்கு விளக்கம் கூறலாம். அவ்விளக்கம் அவர் இறந்த முறைக்குப் பொருந்தும்; அதற்குத் தூண்டிய துயரை அது தொடவில்லை. புறஞ்சேரிக்கும் நகருக்கும் இடையே கோடு கிழிக்கலாம். இரக்கத்திற்கு அக்கோடு தெரியாது. இதை நமக்கு உணர்த்தியவர் தாமும் துறவு பூண்டவர் என்பது மரபு. உள்ளிருந்து பார்த்தவரின் கூற்றாகவே இதை நான் கொள்கிறேன்.

மணிமேகலையில் வேறொரு நிலை. அங்கே சங்கம் பௌத்த சங்கம். மாதவியும் மணிமேகலையும் அதைச் சார்கின்றனர். சித்திராபதி அவர்களை மீண்டும் ஆடலரங்குக்கு அழைக்கிறாள். உதயகுமரன் தேரேறி மணிமேகலையைத் தேடி வருகிறான். கணிகைக் குலத்தில் பிறந்த பெண்ணுக்கு அக்கால ஊருக்குள் வேறு வாயில் இல்லை. பிறப்பு விதித்த தொழிலிலிருந்து வெளியேறும் ஒரே வாயில் சங்கத்தின் வாயிலாக இருந்தது. அவள் அதனுள் புகுந்தபின் ஒதுங்கி அமரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அமுதசுரபி ஏந்தி ஊரின் பசி தீர்க்கிறாள்; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் செய்கிறாள். ஊர் அவளுக்கு விதித்திருந்த இடத்தை மறுத்தவள், ஊரை மறுக்கவில்லை. 'தப்பி ஓடுதல்' என்னும் குற்றச்சாட்டு, எதிலிருந்து ஓடினாள் என்று கேட்ட அளவிலேயே வலுவிழந்து போகிறது.

காப்பியம் கற்பனை என்று கூறுவோர் இருக்கலாம். அவர்களுக்காகக் கல்லைச் சான்றாக அழைக்கிறேன். கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த கழுகுமலை வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் 'குரத்தியர்' என்னும் பெண் ஆசிரியர் பலர் இடம்பெறுகின்றனர். குரு என்பதன் பெண்பாலாக வழங்கிய சொல் அது. அவர்களின் பெயரோடு ஊர்ப்பெயரும், மாணாக்கர் பெயரும் சேர்த்தே பொறிக்கப்பட்டுள்ளன. அதே மலையில் தச்சர், குயவர், கொல்லர் போன்ற உழைப்பாளர் செய்வித்த திருவுருவங்களும் உள்ளன. பி. பி. தேசாய் 1957இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் இக்குரத்தியரைச் சிறப்பாக எடுத்துரைத்தார். ஒரு பெண் ஆசிரியராகவும், ஒரு குழுவின் தலைவியாகவும், தன் பெயரால் அறியப்படுபவளாகவும் விளங்கியமைக்கு இத்துணைத் தெளிவான சான்று வேறெங்கும் எளிதில் கிட்டாது.

மேலும் மூன்று சான்றுகள் காட்டுவேன். குமரி மாவட்டம் சிதறால் மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் அங்குள்ள படாரியார்க்குப் பொன்னணி அளித்தார். ஆர்க்காட்டுப் பகுதியிலுள்ள விளாப்பாக்கத்தில், முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 945ஐ ஒட்டி, அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான பட்டினிக் குரத்தியார் ஒரு கிணறு தோண்டுவித்தார். அக்கிணறும் ஒரு மனையும் 'பெண்பள்ளி'யாக்கப்பட்டு, இருபத்துநால்வர் என்னும் குழுவினரின் பொறுப்பில் விடப்பட்டன. மூன்றாவது சான்று வந்தவாசி வட்டத்து வேடல். பழைய பெயர் விடால். ஓர் இராசகேசரிவர்மனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அக்கல்வெட்டு; அவன் முதலாம் ஆதித்தன் என்பர். குணகீர்த்தி படாரரின் மாணாக்கி கனகவீரக் குரத்தியார்க்கு ஐந்நூறு மாணாக்கியர். அவர்களுக்கும் நானூற்றுவர்க்கும் இடையே பிணக்கு நேர்ந்தது. அந்நிலையில் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிப்போம் என்று அவ்வூரினர் உறுதி ஏற்றுக் கல்லில் பொறித்தனர்.

ஐந்நூறு பெண்கள் என்னும் எண்ணிக்கையைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். ஓரூரின் புறத்தே, ஒரு பெண்ணின் தலைமையில், ஐந்நூறு பெண்கள் கற்றனர். மரபெண் என்று அதைக் குறைத்து மதிப்பிட்டாலும், ஊர் முழுவதும் கூடிப் பொறுப்பேற்க வேண்டிய அளவுக்கு அக்கூட்டம் பெரிது என்பது மாறாது. இன்று நான் பாடம் சொல்லும் வகுப்பில் சிற்றூர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்கள் இருக்கின்றனர். வீட்டை விட்டுத் தள்ளி இருப்பதனால் அன்றோ அவர்களுக்குப் படிக்கும் நேரம் கிடைக்கிறது? அடுக்களையும் நீர்க்குடமும் அழைக்காத ஓர் இடம் பெண்ணுக்குக் கிடைத்தால் அவள் என்ன ஆவாள் என்பதற்கு விடால் ஒரு விடை.

ஆயினும் பள்ளியைப் பொன்னுலகமாகக் காட்டுவது என் நோக்கம் அன்று. கல்வெட்டு தருகின்ற அதே செய்தியைத் திருப்பியும் படிக்க வேண்டும். துறவியர்க்குள்ளும் பிணக்கு வந்தது. பொருளைத் துறந்தவர் கையில் பொன் இருந்தது. பெண்பள்ளியின் பொறுப்பு இருபத்துநால்வர் குழுவிடம் சென்றது. ஊரார் சோறு தர உறுதி கூறினர் என்றால், தர மறுக்கும் ஆற்றலும் அவர்களிடமே இருந்தது என்பதுதானே பொருள்? இவை அனைத்தினும் ஆழமான முரண் ஒன்றுண்டு. பெண் பிறப்பில் வீடுபேறு எய்த இயலாது என்பது திகம்பர மரபின் கொள்கை. மறுபிறப்பில் ஆணாகிப் பின்னரே எய்த வேண்டும். இதனை மறுத்து, பெண்ணுக்கும் வீடுபேறு உண்டு என நிறுவத் தனிநூல் யாத்தவர் யாபனீய மரபினரான சாகடாயனர். அவர் காலமும் 9ஆம் நூற்றாண்டே. கொள்கை நூல்களில் பெண்ணின் தகுதி பற்றி அறிஞர் வாதிட்டுக்கொண்டிருந்த அதே நாள்களில், தமிழகத்துக் குன்றுகளில் பெண்கள் குருவாக அமர்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தனர். கொள்கை அடைத்த கதவை வாழ்க்கை சற்றே திறந்து வைத்திருந்தது. முழுவதும் திறந்தது என்று சொல்ல மாட்டேன்.

தனித்து வாழும் குழுவை அளக்க மற்றோர் அளவுகோலும் உண்டு. அதைவிட்டு வெளியேற முடியுமா என்பதே அது. திருநாவுக்கரசர் வரலாற்றைப் பெரியபுராணம் வழி அறிவோம். பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் அவர் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்தார். அது கல்வியிற் சிறந்த இடம், கி.பி. 458இல் 'லோகவிபாகம்' எழுதப்பெற்ற பாடலிகையும் அதுவே என்பர். சூலைநோய் வருத்த, அவர் தம் தமக்கை திலகவதியாருக்கு ஆள் அனுப்புகிறார். திலகவதியாரோ அமணர் பள்ளிக்குத் தாம் வாரேன் என மறுக்கிறார். தம்பியே இரவில் புறப்பட்டுத் திருவதிகை வந்து சேர்கிறார். சேக்கிழார் சைவர் நோக்கில் இதனைப் பாடினார். எந்தச் சமயத்தார் வென்றார் என்பதை ஒதுக்கிவிட்டு இக்காட்சியைப் பாருங்கள். பள்ளிக்குள் இருந்தவர்க்கு மட்டும் எல்லை இருந்ததாக நினைக்கிறோம். வெளியில் இருந்த தமக்கையும் அவ்வெல்லையைத் தாண்ட ஒப்பவில்லை. மதிலை இரு புறத்தாரும் சேர்ந்தே எழுப்புகின்றனர். அதைத் தாண்டி வர நோயுற்ற ஒருவர் இருளைத் துணைக்கொள்ள வேண்டியிருந்தது.

பிரிவின் விலையை யார் செலுத்தினர் என்ற வினாவுக்கு மதுரைச் சமணர் மலையில் ஒரு விடை உண்டு. அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் தமிழகத்துக் குன்றுகள் பலவற்றில் காணப்படுகிறது. அவர் செய்வித்த திருமேனிகள் பல. அம்மலையின் பேச்சிப்பள்ளத்தில் ஒரு திருமேனிக்குக் கீழே, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று பொறிக்கப்பட்டுள்ளது. துறவிக்குத் தாய் இல்லை, உறவு இல்லை, ஊர் இல்லை. நெறி அவ்வாறு கூறும். ஆனால் தாய்க்கு மகன் உண்டு. அவர் தன் பெயரைத் தனியே பொறிக்காமல் இன்னாரின் தாய் என்று பொறிக்கச் செய்தார். மகன் சமயத்தையே தானும் சார்ந்து, அச்சமயம் அறுத்த உறவை அச்சமயத்தின் பாறையிலேயே எழுதி வைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவ்வெழுத்து அழியவில்லை. கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் இதற்குமேல் நான் விளக்கம் கூற வேண்டியதில்லை.

கவிஞர்களிடம் ஒன்று முறையிட வேண்டும். காரைக்காலம்மையார் பாடியது நம்மிடம் உள்ளது. ஆண்டாள் பாடியது உள்ளது. கோயிலும் மடமும் அவற்றை ஓதிக் காத்தன. குரத்தியர் ஒருவர் பெயரிலும் ஒரு நூல்கூட நம் கைக்கு வரவில்லை. ஐந்நூறு பேர் கற்ற இடத்தில் ஒருத்தியும் ஒரு பாட்டுக் கட்டவில்லை என நம்ப என் மனம் ஒப்பவில்லை. 'நீலகேசி' என்னும் தருக்கக் காப்பியத்தின் தலைவி ஒரு பெண். ஊர் ஊராகச் சென்று வாதிட்டு வெல்கிறாள். அந்நூலை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. பெண்ணே இயற்றினாள் என்று சான்றின்றி நான் வாதிட மாட்டேன். ஆனால் பொதுஅவையில் நின்று வாதிடும் பெண்ணை ஒரு புலவர் கற்பனை செய்ய முடிந்ததற்கு, அத்தகைய பெண்களை அக்காலச் சமணர் கண்ணால் கண்டிருந்தமையும் ஒரு காரணம் ஆகலாம். தனித்து வாழும் குழு நலிந்தால் அதன் நூல்களைப் படியெடுக்கும் கைகளும் நலிகின்றன. ஏட்டுக்குக் கறையான் உண்டு. அதனால்தான் நமக்குக் கல் மட்டும் எஞ்சியது.

அக்கல்லுக்கும் இக்காலத்தில் இடையூறு உண்டு. மதுரைப் பகுதிக் குன்றுகள் பலவற்றைக் கல்லுடைப்புச் சிதைத்ததை அறிவோம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் பகுதி 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன மாங்குளம் கல்வெட்டுகள் அந்த மீனாட்சிபுரத்துக் குன்றில் உள்ளவையே. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்க்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் மிகப் பலர் சமணர் அல்லர், உழவர். தம் ஊர்ப்புறத்துக் குன்று தமக்குரியது என்ற எண்ணமே அவர்களைத் திரட்டியது. விடாலில் ஊரார் கல்லில் எழுதித் தந்த உறுதியை, எழுதாமலே நிறைவேற்றினர் இவ்வூரினர் என்று நான் மகிழ்கிறேன்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்கிறேன். தனித்து வாழும் சமயக் குழு கோழைமையா, விடுதலையா? ஒரே விடை இல்லை. யார், எதிலிருந்து விலகினார் என்று கேட்க வேண்டும். உள்ளே சென்றபின் அவர் கற்றாரா, கற்பித்தாரா என்று கேட்க வேண்டும். வெளியேற விரும்பியவர்க்கு வழி இருந்ததா என்று கேட்க வேண்டும். வெளியே நின்ற தாயும் தமக்கையும் என்ன இழந்தனர் என்றும் கேட்க வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை காணும் முன் அத்தகைய குழுவைப் போற்றுதலும் பிழை, தூற்றுதலும் பிழை. நம் காலத்திலும் தனித்து வாழும் குழுக்கள் பல நாடுகளில், பல சமயங்களில் உள்ளன. அவற்றை அளக்கவும் இவையே உரிய வினாக்கள் என்பது என் கருத்து.

ஓர் இலக்கிய வட்டமும் சிறு பள்ளி போன்றதே. அன்றாட இரைச்சலிலிருந்து சற்று விலகித் திங்கள்தோறும் சிலர் கூடுகிறீர்கள். கி.பி. 470இல் வச்சிரநந்தி என்னும் சமணர் மதுரையில் திரமிள சங்கம் நிறுவினார் எனத் 'தரிசனசாரம்' கூறுகிறது. கூடி இருத்தல் தமிழுக்குப் பழைய பழக்கம். பத்தாண்டுகள் இவ்வாறு கூடியிருந்தமைக்கு என் பாராட்டு உரியது. இவ்வட்டத்துக்கு இடம் தந்தோர், நாற்காலி தந்தோர், தேநீர் அளித்தோர் பெயர்களை இந்த மலரில் மறவாமல் அச்சிடுங்கள். மாங்குளத்தார் அதைச் செய்தனர். இங்கே பாடும் பெண்களின் பாடல்களையும் படியெடுத்து நூலாக்குங்கள். விடாலில் அது நிகழாமற் போயிற்று. இவ்விரண்டையும் வேண்டி அமைகிறேன்.